மெய்யில்லா மெய்ப்பாடு: மணப்பாறைத் துயரும் கைபேசிவழி அவலமும்

1. நுவல்பொருள்

தொல்காப்பியப் பொருளதிகாரத்துள் மெய்ப்பாட்டியல் என ஓர் இயல் தனித்து அமைந்திருத்தல் தமிழாய்வார் யாவரும் அறிந்ததே. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் நந்நான்கு நிலைக்களன் பற்றிப் பிறக்கும் என்றார் ஆசிரியர். உள்ளத்து நிகழ்வது உடம்பின்வழிப் புறத்தார்க்குப் புலனாதலே மெய்ப்பாடு என்பது உரையாசிரியர் கொள்கை. கண்ணீர் வார்தலும் உடல் நடுங்குதலும் மயிர் சிலிர்த்தலும் குரல் சிதைதலும் அங்ஙனம் புலப்படுத்தும் வாயில்களாம்.

இற்றை நாளில் மக்கள் தம் இன்ப துன்பங்களைப் பெரிதும் கைபேசித் திரையின்வழி வெளியிடுகின்றனர். அத்திரையிற் கண்ணீர் இல்லை. கண்ணீர் வடிக்கும் முகத்தின் படம் உண்டு. நடுக்கம் இல்லை; நடுங்குகின்றேன் என்னும் சொல் உண்டு. மெய் மறைந்து நிற்க, மெய்ப்பாடு மட்டும் தோன்றுமோ என்னும் வினா ஈண்டு எழுகின்றது. தோன்றாது, திரையிற் காண்பதெல்லாம் போலியே என்பர் ஒருசாரார். தோன்றும், முன்னர் ஊருக்குள் அடங்கிய பரிவு இன்று உலகளாவ விரிந்தது என்பர் மற்றொரு சாரார். இருவர் கூற்றும் தக்க சான்றின்றிப் பொதுமையில் உரைக்கப்படுவன. ஆதலின், தமிழ் மக்கள் ஒருங்கே பங்குகொண்ட ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு, தமிழ்க் கொள்கை வழிநின்று இவ்வினாவை ஆராய்தல் தகும். திருச்சிராப்பள்ளி மாவட்டத்து மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் 2019 அக்டோபர்த் திங்களில் நிகழ்ந்த ஆழ்துளைக் கிணற்றுத் துயரம் அத்தகையது. பெற்றோர் துயரினை மதித்து, அக்குழந்தையின் பெயரை யாம் ஈண்டுக் குறித்திலேம்.

2. நிகழ்ச்சி

2019 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை மாலை, இரண்டு அகவைச் சிறுவன் ஒருவன் தன் வீட்டருகே பயனின்றிக் கைவிடப்பட்டிருந்த ஆழ்துளைக் கிணற்றினுள் வீழ்ந்தான். தொடக்கத்தில் ஏறத்தாழ 26 அடி ஆழத்திற் சிக்கியிருந்தவன், பின்னர்ப் படிப்படியாக 88 அடி வரை இறங்கிவிட்டதாக அறிவிக்கப்பட்டது. தீயணைப்புத் துறையினரும், மாநில, தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும், பல ஊர்களிலிருந்து தாம் புனைந்த கருவிகளோடு வந்தோரும் முயன்றனர். அருகே மற்றொரு குழி தோண்டிச் சென்றடையலாம் எனப் பெரும் பொறிகள் கொணரப்பட்டன. ஊர்ப்பெயரிலேயே அமைந்த பாறை அப்பொறிகளையும் தடுத்தது. எண்பது மணி நேரத்திற்கு மேல் நீண்ட முயற்சி, அக்டோபர் 29 செவ்வாய் வைகறையிற் குழந்தையின் உடலை வெளிக்கொணர்தலோடு முடிந்தது. இடைப்பட்ட ஞாயிறு தீபாவளித் திருநாள்.

இந்நாள்களில் தொலைக்காட்சிகள் இடையறாது காட்சியை ஒளிபரப்பின. எனினும் மக்கள் கண்டதோடு அமைந்திலர். முகநூல், டுவிட்டர், வாட்சப் ஆகியவற்றின்வழித் தம் நெஞ்சத்தை எழுதினர். பிரதமர் முதல் பெயரறியாச் சிற்றூர் மாணவர் வரை எழுதினர். தீபாவளி கொண்டாடேம் என்று அறிவித்தோர் பலர். 1981-இல் இத்தாலி நாட்டு வெர்மிச்சினோவிற் கிணற்றில் வீழ்ந்த சிறுவனை மீட்கும் முயற்சியையும் அந்நாட்டுத் தொலைக்காட்சி நெடுநேரம் ஒளிபரப்பிற்று, அச்சிறுவனும் பிழைத்திலன். ஆயின் அன்று கண்டோர் தம் வீட்டினுள் அழுதனர். அவ்வழுகை அண்டை வீட்டார்க்கும் தெரிந்திராது. மணப்பாறையிலோ கண்டோர் அழுகையே மற்றொரு காட்சியாயிற்று. இவ்வேறுபாடே நம் ஆய்வுக்கு உரியது.

மெய்ப்பாடாவது, நுகர்வான் ஒருவன் உற்றது காண்பார்மாட்டும் சென்றடைதல் என்னும் செயிற்றியனார் கருத்தை இளம்பூரணர் எடுத்தாளுவர். அக்கருத்தின்படி இருவர் வேண்டும்: உறுவான் ஒருவன், காண்பான் ஒருவன். கைபேசி இவ்விருவரோடு மூன்றாமவன் ஒருவனைச் சேர்த்தது. காண்பானைக் காண்பான் அவன். மணப்பாறையிற் குழந்தை உற்றதைக் கண்டவர் மிகச் சிலரே. குழியினுள் இறக்கிய ஒளிப்படக் கருவி காட்டியது ஒரு சிறு கையையே. மக்கள் பெரிதும் கண்டது பிறர் பதறுதலை. அப்பதற்றமே அவரையும் பற்றியது.

3. அச்சத்திற்குக் குறி இன்மை

முகநூல் நிறுவனம் 2016 பிப்ரவரியில், பயன்படுத்துவோர் தம் உணர்ச்சியை ஒரு தொடுதலிற் காட்டுதற்கு ஆறு குறிகளை வகுத்தளித்தது. விருப்பம், அன்பு, சிரிப்பு, வியப்பு, வருத்தம், சினம் என்பன அவை. இவற்றை மெய்ப்பாட்டியலோடு ஒப்பிடல் பயன்தரும். சிரிப்பு நகையாம்; வருத்தம் அழுகையாம்; வியப்பு மருட்கையாம்; சினம் வெகுளியாம்; அன்பை ஒருவாறு உவகையுள் அடக்கலாம். விருப்பம் என்பது மெய்ப்பாடு அன்று. கண்டேன் என்னும் ஒப்புதலே. எஞ்சிய இளிவரல், அச்சம், பெருமிதம் ஆகிய மூன்றிற்கும் அங்குக் குறியில்லை.

இஃது ஒரு வணிக நிறுவனத்தின் தெரிவு. அதனைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று. ஆயினும் நடுக்காட்டுப்பட்டியிற் குழந்தை உயிரோடுளன் என மக்கள் நம்பியிருந்த நாள்களில் அவர் நெஞ்சில் மேலோங்கி நின்றது அழுகையோ வெகுளியோ அன்று, அச்சமே. அவ்வச்சத்தைக் காட்டும் குறி அவர் கையில் இல்லை. வருத்தக் குறியை இட்டால் குழந்தை இறந்ததாகக் கருதியது போலாம்; விருப்பக் குறியை இட்டால் அது கொடுமையாம். ஆதலின் மக்கள் சொல்லை நாடினர். குறி போதாத இடத்துச் சொல் பிறந்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

அற்றேல், இமோஜி எனப்படும் உணர்ச்சிக்குறிகளுள் அஞ்சும் முகங்களும் உளவன்றோ எனின், உள. அவை தனக்கு வரும் இடருக்குத் தான் அஞ்சும் முகங்கள். விளையாட்டாகவே பெரிதும் வழங்குவன. தொல்காப்பியர் அச்சத்திற்குக் கூறிய அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கும் அஞ்சுவானையே அச்சுறுத்துவன. பிறர் குழந்தைக்காகத் தான் அஞ்சுதல் இந்நான்கனுள் அடங்காது. அதனை ஆசிரியர் வேறோரிடத்து வைத்தார். எட்டு மெய்ப்பாடுகளைக் கூறியபின், உடைமை, இன்புறல் முதலாக முப்பத்திரண்டினை அவர் தொகுத்தோதுமிடத்து, நடுக்கு என ஒன்று வருகின்றது. மக்கட்கு யாது நேருமோ என்று பெற்றோர் உளம் நடுங்குதலையும் பேராசிரியர் இதன்பாற் படுப்பர். மணப்பாறை நாள்களின் மெய்ப்பாடு இந்நடுக்கே என்க.

நடுக்கினைக் காட்ட மக்கள் பெரிதும் தெரிந்துகொண்டது கூப்பிய இரு கைகளின் படம். சப்பான் நாட்டுக் கைபேசிகளில் தோன்றிய உணர்ச்சிக்குறிகளுள் ஒன்று அது. ஆண்டு அது நன்றிக்கும் வேண்டுகோளுக்கும் உரியது. தமிழர் அதனைக் கும்பிடு கையாகக் கண்டனர். சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் விரித்துரைக்கும் பிணையற்கைகளுள் முதலாவது அஞ்சலியாதல் ஈண்டு நினைக்கத்தகும். கை மட்டும் தோன்றி, மெய் மறைந்து நின்ற வழிபாடு அது.

4. விளியும் முறைப்பெயரும்

அந்நாள்களில் எங்கும் வழங்கிய தொடர் ‘மீண்டு வா’ என்பது. இவ்விரு சொல்லையும் இலக்கண நெறியில் நோக்குவாம். மீள்தல் தன்வினை, மீட்டல் பிறவினை. கிணற்றருகே நின்றோர் செய்யவேண்டியது மீட்டல். தொலைவிலிருந்தோர்க்கு அது இயலாது. ஆதலின் அவர், பிறவினையை விடுத்துத் தன்வினையை மேற்கொண்டு, வினைமுதலாகக் குழந்தையையே ஆக்கினர். நடக்கவும் முழுதும் பழகாத சிறுவனை நோக்கி, நீயே மீள்க என வேண்டினர். பொருள்நோக்கின் இது பொருந்தாக் கூற்று. உணர்ச்சி நோக்கினோ, செய்வதறியார் செய்யக்கூடியது அஃது ஒன்றே. கையாறு என்னும் மெய்ப்பாட்டின் மொழி இதுவாம்.

மேலும், கேளாதாரை முன்னிலைப்படுத்தி விளித்தல் தமிழ் அவலத்தின் பழைய நெறி. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் மாய்ந்தபின் குடவாயிற் கீரத்தனார் பாடிய புறநானூற்றுக் கையறுநிலை, பூத்து நின்ற முல்லையை விளித்து வினவுவது. முல்லை மறுமொழி கூறாது என்பது புலவர்க்குத் தெரியும். தெரிந்தும் விளித்தலே அவலம். கைபேசியில் எழுதியோரும் குழந்தை அதனைப் படிக்கமாட்டான் என்று அறிவர். அறிந்தும் அவனை நோக்கியே எழுதினர். ஆதலின் அவ்விளியைப் பொருளற்றது என்று தள்ளுதல் கையறுநிலைத் துறையையே தள்ளுதலாய் முடியும்.

விளியோடு முறைப்பெயரும் வந்தது. மகனே, தம்பி, தங்கமே, செல்லமே என்று எழுதினர். இழவு, அழுகையின் நான்கு நிலைக்களனுள் ஒன்று. தாய் தந்தை சுற்றம் முதலாயினாரை இழத்தல் என்பர் உரைகாரர். அறியாத வீட்டுக் குழந்தையின் இறப்பு ஒருவற்கு இழவாதற்கு, முதற்கண் அக்குழந்தை சுற்றமாதல் வேண்டும். முறைப்பெயர் அப்பணியைச் செய்தது. பேருந்தில் அருகமர்ந்தாரையும் அண்ணன் அக்கை என்னும் தமிழ் வழக்கு, திரையிலும் உறவு படைத்துக்கொண்டது. இது போலியன்று, மொழியின் இயல்பு.

எனினும் ஒன்று கூறல் வேண்டும். அம்முதல் இரவில், குழியின் வாயிலிருந்து தாய் குரல் கொடுக்கக் குழந்தை ஒலியால் மறுமொழி தந்தமையும், மீட்புப் பணிக்கென அத்தாயே துணிப்பை தைத்தமையும் செய்திகளாய் வெளிவந்தன. தைக்கும் தாயின் படம் எங்கும் பரவிற்று. ஆண்டுத் துயரம் ஒரு வினையாய் இருந்தது. ஊசியும் நூலுமாய் இருந்தது. அப்படத்தைக் கண்டோர் பலர் வேறொன்றும் எழுதாது பகிர்ந்தனர். சொல் மிகுந்த நாள்களிற் சொல்லவிந்த இடம் அஃது ஒன்றே.

5. ஒப்பாரியும் திரையும்

கூடியழுதல் தமிழ்ச் சிற்றூர்களின் வழக்கம். இழவு வீட்டிற்கு வரும் மகளிர் தோளோடு தோள் சேர்த்து அமர்ந்து ஒப்பாரி வைப்பர். அவருள் இறந்தாரை நன்கறியாதாரும் இருப்பர். அவர் தத்தம் வீட்டில் முன்னிறந்தாரை எண்ணி அழுவர். அவ்வழுகையைப் பொய் என்பாரில்லை. ஒருவர் துயர் பலர் துயருக்கு வாயிலாதலே ஒப்பாரியின் பயன். திரையில் எழுதியோரும் தம் வீட்டுக் குழந்தைகளை எண்ணியே எழுதினர். ஆதலின், தமக்காக அழுதார், குழந்தைக்காக அழுதிலர் என்னும் குற்றச்சாட்டு ஒப்பாரிக்கும் பொருந்தும். பொருந்தியும் அது குற்றமாகாது.

வேற்றுமை வேறோரிடத்து உளது. ஒப்பாரிக்கு இடமும் நாளும் வரையறை உண்டு. நடுவில் உடல் கிடக்கும். எடுத்தபின் அழுகை தாழும். கருமாதி வரை உறவினர் வந்துபோவர். அதன்பின்னும் அவ்வீட்டார்க்குச் செய்யும் கடன்கள் உள. அழுதவர் அழுத வீட்டிற்குக் கடன்பட்டவர். திரைக்கு இவ்வரையறை இல்லை. குழந்தை வீழ்ந்த அதே அக்டோபர் 25 அன்றுதான் தீபாவளிக்கென ‘பிகில்’, ‘கைதி’ என்னும் இரு திரைப்படங்களும் வெளிவந்தன. மீண்டு வா என்னும் வேண்டுகோளும், படத்தின் வசூற் செய்தியும், திருநாள் வாழ்த்தும் ஒரே திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாய் ஓடின. ஒரு விரல் தள்ளுதலில் அவலம் நகையாயிற்று. மெய்ப்பாடு பிறந்ததாயினும் அது நிலைகொள்ளுதற்கு இடமில்லை.

கதைநெறியும் இதனொடு சேர்ந்தது. 2017-இல் வெளிவந்த ‘அறம்’ என்னும் திரைப்படம், ஆழ்துளைக் கிணற்றுள் வீழ்ந்த சிறுமி ஒருத்தி மீட்கப்படும் கதை. 2006-இல் அரியானாவின் குருட்சேத்திர மாவட்டத்தில் இவ்வாறு வீழ்ந்த சிறுவன் உண்மையிலேயே உயிரோடு மீட்கப்பட்டான். ஆதலின் மக்கள் உள்ளத்து முடிவு ஒன்று முன்னரே எழுதப்பட்டிருந்தது. அம்முடிவு வாராதபோது, கதையின் ஏமாற்றமும் உயிரின் இழப்பும் ஒன்றாய்க் கலந்தன.

6. மன்னிப்பு என்னும் சொல்

அக்டோபர் 29-ஆம் நாட் காலையிற் சொல் மாறியது. மீண்டு வா என்றது, மன்னித்துவிடு என்றாயிற்று. பெரும்பாலார் எழுதியது இச்சொல்லே. இதனொடு வெகுளியும் எழுந்தது. அரசின்மேலும், வானில் ஊர்தி செலுத்தியும் மண்ணில் ஒரு குழந்தையை எடுக்கமாட்டாத அறிவியலின்மேலும், துயரைக் காட்சியாக்கிய ஊடகங்களின்மேலும், குழியை மூடாது விட்டோர்மேலும் அவ்வெகுளி பாய்ந்தது.

மன்னிப்பு வேண்டுதல் எம்மெய்ப்பாட்டின்பாற்படும்? தன்னைத் தான் தாழ்த்திக் கூறலின் இளிவரலின் சாயல் உடையது. முகநூல் குறி வகுக்காத மூன்றனுள் ஒன்று அது. அதனைச் சொல்லால் மக்கள் படைத்துக்கொண்டமை பாராட்டத்தக்கதே. ஆயின் ஓர் இடர்ப்பாடு உண்டு. மன்னிக்கவேண்டியவன் இலன், யார் பிழைத்தார் என்பது சொல்லில் இல்லை, எப்பிழை என்பதும் இல்லை. யாவரும் குற்றவாளி எனின் யாரும் குற்றவாளியல்லர். நடுக்கு உண்மையாய் நின்ற அளவிற்கு இம்மன்னிப்பு நிற்கவில்லை என்பதே எம் கருத்து. நடுக்கிற்குப் பொருளொன்று இருந்தது: அக்குழியும் அக்கையும். மன்னிப்பிற்கு அத்தகைய பொருளில்லை.

7. பொச்சாப்பு

முன்னர்க் காட்டிய முப்பத்திரண்டனுள் பொச்சாப்பு என்பதும் ஒன்று. மறதியை மெய்ப்பாடாக எண்ணியது தொல்காப்பியர்தம் நுண்மை. காத்துவரும் பொருளிடத்து இகழ்ச்சியாற் கேடு வருவித்தல் என்னும் கருத்துப்பட அதனை விளக்குவர் பேராசிரியர். வள்ளுவர் பொச்சாவாமை என ஓர் அதிகாரமே வகுத்தனர். பரிமேலழகர் அதற்கு மறவாமை என்று பொருள் கொண்டனர்.

ஆழ்துளைக் கிணறு பற்றிய விதிகள் 2019-இற் புதியன அல்ல. உச்சநீதிமன்றம் 2010 பிப்ரவரியிலேயே நெறிமுறைகளை வகுத்தது. தோண்டுமுன் அறிவித்தல், சுற்றிலும் வேலியிடுதல், குழாயின் வாயை மூடுதல், கைவிட்ட கிணற்றை அடிமுதல் தரைமட்டம் வரை நிரப்புதல் என்பன அதனுள் அடங்கும். தமிழ்நாட்டு ஊராட்சிகட்கு 2015-இல் விதிகள் வந்தன. சொல் இருந்தது, அது மறக்கப்பட்டது. குழந்தையை விழுங்கியது பொச்சாப்பே.

அந்நாள்களிலேயே நிகழ்ந்த மற்றொரு துயரைச் செய்தித்தாள்கள் வெளியிட்டன. தூத்துக்குடியில், மணப்பாறை மீட்புப் பணியைப் பெற்றோர் தொலைக்காட்சியிற் கண்டிருந்த வேளையில், அவர்தம் இரண்டு அகவைப் பெண்குழந்தை நீர்த்தொட்டியில் வீழ்ந்து இறந்தது. அப்பெற்றோரைக் குறைகூறுதல் அறமாகாது. அவரும் ஏனையோர்போலப் பிறர் குழந்தைக்கு நடுங்கியவரே. ஆயினும், தொலைவிலுள்ளதை அருகாக்கும் கருவி அருகிலுள்ளதைத் தொலைவாக்கவும் கூடும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டா.

இவற்றை நோக்கின், திரைவழி அவலத்தின் குறை பொய்ம்மையன்று, பொச்சாப்பே என்பது போதரும். அது பொய்யாயின் எண்பது மணி நேரம் மக்கள் உறங்காதிருந்திரார். விரைவு, நடுக்கு, அரற்று, கையாறு என்பவற்றை அக்கருவி நன்கு ஏந்துகின்றது. நினைதல் என்பதை ஏந்த மாட்டாதாகின்றது. 2022 பிப்ரவரியில் மொராக்கோ நாட்டிற் கிணற்றுள் வீழ்ந்த ஐந்து அகவைச் சிறுவனுக்காக அரபு மொழியிலும் இவ்வாறே உலகம் வேண்டிற்று, அவனும் இறந்தான். 2024 திசம்பரில் இராசத்தானத்துக் கோட்புதலியில் மூன்று அகவைச் சிறுமி வீழ்ந்து, 2025 சனவரி முதல் நாள் உயிரற்ற உடலாய் எடுக்கப்பட்டாள். ஒவ்வொரு முறையும் துயர் புதிதாய்ப் பிறக்கின்றது. முந்தைய துயர் அதற்குக் கற்பித்தது குறைவு.

எனினும் நன்மையும் கூறுதல் முறை. மணப்பாறைத் துயருக்குப்பின், தத்தம் ஊரில் மூடாது கிடந்த ஆழ்துளைக் கிணறுகளைச் சிலர் படமெடுத்து அதே கைபேசியால் அலுவலர்க்கு அறிவித்தனர். கைவிட்ட கிணறுகளை மழைநீர் சேமிக்கும் அமைப்பாக மாற்றும் முறைகளும் அவ்வழியே பரவின. அவற்றுள் கண்ணீர்க்குறி இல்லை, முறைப்பெயர் இல்லை, விளியும் இல்லை. ஓர் ஊர்ப்பெயர், ஓர் இடக்குறிப்பு, ஒரு குழியின் படம், அவ்வளவே. அலங்காரமற்ற அவ்விடுகைகளே அந்நாள்களின் சிறந்த கையறுநிலை என்போம். என்னை? அழுத வீட்டிற்கு அழுதவர் பட்ட கடனைத் தீர்த்தவை அவையே.

8. முடிபு

மெய்ப்பாட்டியலைச் செய்யுளுக்கும் கூத்துக்கும் உரிய பழைய இலக்கணம் என்று மட்டும் கற்று அமைதல் சாலாது. எட்டனொடு நில்லாது முப்பத்திரண்டினையும் எண்ணிய அந்நூல், ஆறு குறியுள் மாந்தர் உள்ளத்தை அடக்க முயலும் இக்காலத்திற்கு அளவுகோலாக நிற்கும் தகுதியுடையது. முகநூல் நிறுவனமே 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தே, அரவணைப்பைக் காட்ட ஏழாவது குறியொன்றைச் சேர்த்தது. ஆறு போதா என்பதற்கு அதுவே சான்று. முதுகலை மாணவர், இத்தகைய பெருந்துயர்க் காலங்களில் மக்கள் எழுதியவற்றை நாளும் நேரமும் குறித்துத் தொகுத்து, ஒப்பாரிப் பாடல்களைத் தொகுத்தாற்போலப் பேணி ஆராய முன்வருதல் வேண்டும். ஓடும் திரை மறப்பதை ஏடு மறவாது. உண்மையோ போலியோ என்று உணர்ச்சியை வினவுவதினும், எத்துணை நாள் நினைந்தது, எக்குழியை மூடிற்று என்று வினவுதலே ஏற்புடைத்து என்பது எம் துணிபு.